எழுபது முடிந்தவர்களுக்கு ஓர் அட்டை

ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுன்ட்டரில் பெயரும் வயதும் கேட்ட பிறகு வரும் அடுத்த கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்பதுதான். நோயாளிக்கு வயது எழுபத்தைந்து என்றால், உடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் காப்பீட்டில் மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்கும்; அப்பா, அம்மா பெயர் இருக்காது. சேர்க்கலாம்தான், தனியாகப் பணம் பிடிப்பார்கள் என்று அப்போது விட்டிருப்பார்கள். அப்பாவும் "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லியிருப்பார்.

இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நின்றவர்கள்தான் நம் ஊரில் அதிகம். மளிகைக் கடை நடத்தி ஓய்ந்தவர், தனியார் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்திப் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த டீச்சர், லேத் பட்டறை வைத்திருந்தவர். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்கு வருமானம் கொஞ்சம் கூடுதல். தனியார் காப்பீட்டுக்கோ வயதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதல்.

இவர்களுக்காக மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியதுதான் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை. 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் விரிவாக்கம் இது. பழைய திட்டத்தில் யார் சேரலாம் என்பதை 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை. புதிய அட்டைக்குப் பட்டியலும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. 70 வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்த வீடு, கார், மகன் அமெரிக்காவில் இருப்பது எதுவும் தடையில்லை. நாடு முழுக்க சுமார் 4.5 கோடிக் குடும்பங்களில் உள்ள 6 கோடி முதியவர்கள் இதில் வருவார்கள் என்பது அரசின் கணக்கு.

கட்டணம் எதுவும் இல்லை. பிரீமியம் இல்லை. மருத்துவப் பரிசோதனை இல்லை. தனியார் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்வார்கள். இதில் காத்திருப்புக் காலமே கிடையாது. பத்து வருடமாக இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரும், அட்டை கைக்கு வந்த நாளிலிருந்தே அந்த இதயத்துக்குச் சிகிச்சை பெறலாம். எழுபது வயதில் நோய் இல்லாதவர் எத்தனை பேர்? இந்த ஒரு விதிதான் மற்ற எல்லாச் சலுகைகளையும்விடப் பெரியது.

அந்த 5 லட்சம் யாருக்கு?

குழப்பம் தொடங்கும் இடம் இது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று சொல்கிறார்கள். அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அல்ல, குடும்பத்துக்கு. தாத்தாவுக்கு 78, பாட்டிக்கு 73 என்றால் இருவரும் சேர்ந்து அந்த 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் தாத்தாவின் இதயச் சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம் போய்விட்டால், பாட்டியின் முழங்காலுக்கு அந்த ஆண்டில் மிச்சம் மூன்றரை லட்சம். அடுத்த ஆண்டு மறுபடி முழு 5 லட்சம் வந்துவிடும்.

தாத்தாவுக்கு 78, பாட்டிக்கு 68 என்றால் தாத்தாவுக்கு மட்டும்தான் இந்த அட்டை. கணவர் பெயரில் மனைவி ஒட்டிக்கொள்ள முடியாது. அவருக்கு எழுபது முடிந்த பிறகு பதிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே பிரதமர் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குக் கூடுதல் அனுகூலம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தின் பழைய 5 லட்சம் அப்படியே இருக்கும். எழுபது தாண்டியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். அந்தப் பணத்தை வீட்டில் உள்ள இளையவர்கள் தொட முடியாது. பேரனின் விபத்துச் சிகிச்சையில் குடும்பத்தின் பணம் தீர்ந்து, அதே ஆண்டில் பாட்டிக்கு ஒன்று என்றால் கைவிரிக்க வேண்டிய நிலை இதனால் தவிர்கிறது. ஆனால் பழைய அட்டை இருக்கிறதே என்று சும்மா இருந்தால் கூடுதல் 5 லட்சம் தானாக வராது. எழுபது முடிந்தவர் மறுபடி ஆதாரைக் காட்டிப் புதிய அட்டைக்குப் பதிய வேண்டும். பல வீடுகளில் இது விட்டுப்போகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கையில் ஏதோ ஓர் அட்டை இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அரசு முகாம்களில் 'ஆபா' என்று 14 இலக்க எண்ணுடன் ஓர் அட்டை தந்திருப்பார்கள். அது மருத்துவப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் அடையாள எண். அதில் ஒரு ரூபாய்க் காப்பீடும் கிடையாது. பெயரில் 'ஆயுஷ்மான்' இருப்பதால் வரும் மயக்கம் இது. அதேபோல எல்.ஐ.சி. மூலம் நடந்த 'பிரதமர் வய வந்தனா' என்பது ஓய்வூதியத் திட்டம். அதில் புதிதாகச் சேர்வது 2023 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இத்தனை திட்டங்களுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

ஓய்வூதியர்கள் அவசரப்பட வேண்டாம்

மத்திய அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு சி.ஜி.ஹெச்.எஸ். உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.ஹெச்.எஸ். உண்டு. மத்திய ஆயுதக் காவல் படையினருக்கும் தனித் திட்டம் இருக்கிறது. இவற்றில் இருப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. பழையதா, புதியதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு செய்யும்போதே இந்தக் கேள்வி திரையில் வரும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். "எல்லாரும் எடுக்கிறாங்க, நாமும் எடுப்போம்" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பேரன் பொத்தானை அமுக்கிவிட்டால் நஷ்டம் தாத்தாவுக்குத்தான். சி.ஜி.ஹெச்.எஸ். மையத்தில் டாக்டரைப் பார்த்து மாதாமாதம் மாத்திரை வாங்கி வரலாம். முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக்கிலும் அப்படித்தான். வய வந்தனா அட்டையில் புறநோயாளிச் சிகிச்சை கிடையாது. மாதாந்தர மாத்திரையும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். எழுபது வயதுக்காரரின் மருத்துவச் செலவில் பெரும் பங்கு மாத்திரைக்குத்தான் போகிறது என்பது மருந்துக்கடையில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஆகவே, அந்தத் திட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பழையதிலேயே இருப்பதுதான் லாபம். வீட்டுக்கு அருகே மையமோ, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியோ இல்லாத சிறிய ஊர்க்காரர்கள் மட்டும் யோசித்துப் பார்க்கலாம்.

இ.எஸ்.ஐ. வசதி உள்ளவர்களுக்கும், சொந்தமாகத் தனியார் பாலிசி எடுத்தவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. அதையும் வைத்துக்கொண்டு இதையும் பெறலாம்.

ஆதாரில் வயது சரியா?

பதிவுக்கு வேண்டிய ஆவணம் ஒன்றே ஒன்று, ஆதார். கேட்க எளிது. நடைமுறையில் சிக்கல் எல்லாம் இந்த ஒன்றில்தான் கிடக்கிறது.

இன்று எழுபது தாண்டியவர்கள் 1950-களிலும் அதற்கு முன்பும் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத காலம். "நீ பொறந்தது பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்றுதான் அம்மா சொல்லியிருப்பார். ஆதார் எடுக்க வந்தபோது உத்தேசமாக ஒரு வருடத்தைச் சொன்னார்கள், அதைப் பதிந்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிப் போட்ட கதையும் உண்டு, குறைத்துப் போட்ட கதையும் உண்டு. விளைவு, நிஜத்தில் 74 வயதானவர் ஆதாரில் 67 ஆக இருப்பார். திட்டத்துக்கு ஆதாரில் உள்ள வயதுதான் வயது. நரைத்த தலையைக் காட்டி வாதாட முடியாது.

திருத்தலாம். ஆனால் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அதற்கும் ஆவணம் கேட்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஓய்வூதிய ஆணை என்று பழைய டிரங்குப் பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. எந்த ஆவணம் செல்லும் என்பதை ஆதார் சேவை மையத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு வாய்ப்பைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கைபேசி எண். ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். பல பெரியவர்களின் ஆதாரில் இருப்பது பத்து வருடத்துக்கு முன் தொலைந்த சிம்மின் எண், இல்லாவிட்டால் அப்போது உதவிக்கு வந்த தெருக்காரரின் எண். இதை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம். நடக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றித் தரும் சேவை 2021 முதல் நடக்கிறது. அருகில் உள்ள தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதும். இந்த வேலைக்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு.

மூன்றாவது, விரல் ரேகை. ரேஷன் கடையில் நாலு தடவை விரலை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்க்கும் பாட்டிகளுக்கு இது தெரிந்த கதை. பாத்திரம் தேய்த்தும் வயலில் வேலை செய்தும் ரேகை தேய்ந்துபோன கைகள் அவை. பொது சேவை மையத்தில் விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் அதோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். ஓ.டி.பி., கண் கருவிழி, முகப்பதிவு என்று வேறு வழிகள் இந்தத் திட்டத்திலேயே உண்டு. "வேறு முறையில் பாருங்கள்" என்று கேட்க வேண்டும்.

பெயரிலும் ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், குடும்ப அட்டையில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் மூன்று ஆள் போல் தெரியும். பதிவில் ஆதாரில் உள்ளபடியே பெயர் வரட்டும். ஆஸ்பத்திரியிலும் அதே பெயரைக் கொடுக்க வேண்டும். அட்மிஷன் சீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் அனுமதி தாமதமாகும்.

பேத்தியின் கைபேசியில் பத்து நிமிடம்

இவை மூன்றும் சரியாக இருந்தால் மீதி சுலபம். தேசிய சுகாதார ஆணையத்தின் 'ஆயுஷ்மான்' செயலியை இறக்கிக்கொள்ளலாம். அதே ஆணையத்தின் பயனாளிகள் இணையதளத்திலும் பதியலாம். பயனாளி என்று தேர்ந்தெடுத்து, கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் 70 வயது தாண்டியவர்களுக்கான பகுதி தனியாகத் தெரியும். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஓ.டி.பி. கேட்கும். சரிபார்த்ததும் ஆதாரில் உள்ள பெயர், வயது, படம் எல்லாம் தானாக வந்து நிற்கும்.

அடுத்து அப்போதே ஒரு படம் எடுக்கச் சொல்லும். பழைய ஸ்டுடியோ படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

"தாத்தா, கேமராவைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க."

"சட்டை போட்டுக்கிட்டு வரேன் இரும்மா."

சட்டை போட்டுக்கொண்டு வரட்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தால் ஒரே தடவையில் முடியும். ஆதாரில் இருக்கும் படம் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது என்பதால் முகம் ஒத்துப்போகாமல் சில நேரம் பதிவு பரிசீலனைக்குப் போகும். அப்படி ஆனால் சில நாள் கழித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு முகவரி, பின்கோடு, அதே வீட்டில் எழுபது தாண்டிய வேறு யாரேனும் இருந்தால் அவர் விவரம். சமர்ப்பித்து ஒப்புதல் வந்ததும் அட்டையை இறக்கிக்கொள்ளலாம். ஸ்மார்ட்போன் இல்லாத, பிள்ளைகள் அருகில் இல்லாத பெரியவர்கள் பொது சேவை மையத்திலோ, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் உதவி மேசையிலோ பதிந்துகொள்ளலாம். 14555 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். 1800110770 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் போதும்.

ஆஸ்பத்திரியிலேயே பதியலாம் என்றால் நோய் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விதி இடம் கொடுக்கிறதுதான். ஆனால் மூச்சுத் திணறலோடு ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நிற்கும்போது, ஆதார் ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்குப் போகிறது என்று தேடிக்கொண்டிருப்பது எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் ஆயுஷ்மான் அட்டை தயார், இந்த லிங்க்கைத் தட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தட்டக் கூடாது. செயலியைக் கோப்பாக அனுப்பினால் நிறுவக் கூடாது. அரசு இணையதள முகவரிகள் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். பதிவுக்குப் பணம் கேட்பவரும், போனில் ஓ.டி.பி. கேட்பவரும் திட்டத்தின் ஆட்கள் இல்லை. இந்த விஷயத்தில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும் பெரியவர்கள். பிள்ளைகள் ஒரு தடவை போனில் சொல்லி வைத்தால் நல்லது.

தமிழ்நாட்டில் எப்படி?

நம் மாநிலத்துக்கு இதில் தனிக் கதை உண்டு. பிரதமர் திட்டம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2009 ஜூலையில், கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இங்கே வந்துவிட்டது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இதிலும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதில் வயது வரம்பு கிடையாது. இருபது வயதுக்காரரும் சேரலாம், தொண்ணூறு வயதுக்காரரும் சேரலாம்.

எழுபதை எட்டாத பெரியவர்களுக்கு இதுதான் கதவு. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் இருப்பவர்கள்தான் இந்த ஏற்பாட்டில் அதிகம் விட்டுப்போகிறவர்கள். வேலையிலிருந்து நின்றாயிற்று, கம்பெனிக் காப்பீடு போயிற்று, மத்திய அட்டைக்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் முதல் மாரடைப்பும் வருகிறது. எழுபது என்ற கோட்டை அறுபதுக்கோ அறுபத்தைந்துக்கோ இறக்க வேண்டியது நியாயம்.

முதலமைச்சர் திட்டத்தில் சேர, குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குடும்பம். இங்கேதான் பல வீடுகளில் பெரியவர்கள் நழுவிப் போகிறார்கள். மகன் தனி அட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பான்; அம்மா பெயர் ஊரில் உள்ள அட்டையிலும் இல்லாமல், மகன் அட்டையிலும் ஏறாமல் நடுவில் நிற்கும். முதலில் அதைச் சரிசெய்யாமல் ஆட்சியர் அலுவலகத்துக்கு பஸ் ஏறுவது வீண் அலைச்சல். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கிடைத்த பிறகு போவது நல்லது.

எழுபது தாண்டியவர்கள் இரண்டு திட்டங்களையும் பற்றி ஒரே நேரத்தில் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். டெல்லியில் அறிவிப்பது ஒன்றாகவும், மாவட்டத்தில் நடைமுறைக்கு வருவது சற்றுப் பின்னாலும் இருப்பது நமக்குப் புதிதல்ல. தங்கள் மாவட்டத்தில் வய வந்தனா அட்டையை எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்பதை 14555-இலும், மாநிலத் திட்டத்தின் 1800 425 3993 எண்ணிலும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். பெங்களூரிலோ மும்பையிலோ பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர் அந்த ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரதமர் திட்டத்தின் அட்டை, திட்டத்தில் சேர்ந்துள்ள மாநிலங்களில் ஊர் மாறினாலும் செல்லும்.

ஆஸ்பத்திரியில்

அட்டை இருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்பது தவறான எண்ணம். திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான். அதிலும் ஓர் ஆஸ்பத்திரி எல்லாப் பிரிவுகளுக்கும் அனுமதி பெற்றிருக்காது. கண்ணுக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. சில சிகிச்சைகளைச் சில மாநிலங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கின்றன. அதனால் ஆஸ்பத்திரி பெயரோடு, எந்தப் பிரிவு என்பதையும் கேட்பது முக்கியம்.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட், மூட்டு மாற்று, டயாலிசிஸ், புற்றுநோய்க்கு கீமோதெரபி என்று வயதானவர்களுக்கு வரும் பெரிய செலவுகள் பெரும்பாலும் திட்டத்தில் உண்டு. படுக்கையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரையிலான பரிசோதனையும் மருந்தும் அதே கணக்கில் வரும். இந்தப் 15 நாள் விஷயம் பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு வெளிக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் தேட வேண்டியது 'ஆரோக்கிய மித்ரா' எனப்படும் உதவியாளரை, அல்லது காப்பீட்டு உதவி மேசையை. அட்டையையும் ஆதாரையும் அவரிடம் கொடுத்தால், சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டு அனுப்புவார். அனுமதி வந்த சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. முன்பணமும் கேட்கக் கூடாது. "இப்போ கட்டுங்க, பிறகு திரும்ப வந்துடும்" என்று சொன்னால் உஷாராக வேண்டும். கட்டிய பணத்தை ரசீது கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாடு இது அல்ல. முழுக்கப் பணமில்லாச் சிகிச்சை.

"அந்தத் திட்டத்துல இப்போ படுக்கை காலி இல்லை, பணம் கட்டினால் இருக்கு" என்ற பதில் சில இடங்களில் வரும். திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு நிர்ணயித்த தொகைதான் ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கும். அது கட்டுப்படியாகவில்லை, தாமதமாக வருகிறது என்பது தனியார் ஆஸ்பத்திரிகளின் குறை. அதில் நியாயமும் இருக்கலாம். அதற்காக வாசலில் நிற்கும் முதியவரைத் திருப்பி அனுப்ப உரிமை வந்துவிடாது. அங்கேயே நின்று 14555-ஐ அழைத்து, ஆஸ்பத்திரியின் பெயரையும் நேரத்தையும் சொல்லிப் புகாரைப் பதிய வேண்டும். புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேசுவதும் சில நேரம் பலன் தருகிறது.

பழைய பாலிசியை விட்டுவிடலாமா?

அட்டை வந்த வீடுகளில் அடுத்து எழும் கேள்வி இதுதான். அப்பாவின் தனியார் பாலிசிக்கு வருடா வருடம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கட்டிக்கொண்டிருக்கிறோமே, நிறுத்திவிடலாமா?

நிறுத்துவது எளிது, திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி தர வேண்டாம் என்ற வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் நீக்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் 73 வயதில் புதிதாகக் கேட்டால் பரிசோதனை, மறுப்பு, மறுபடி முதலிலிருந்து காத்திருப்பு என்று எல்லாம் வரும். பத்து வருடமாகக் கட்டிச் சேர்த்த உரிமை ஒரே தவணை விட்டதில் போய்விடும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்திடம் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. முன்பு இருந்த 18 சதவீதம் குறைந்திருக்கிறதா என்று புதுப்பிக்கும்போது ரசீதைப் பார்க்க வேண்டும்.

முடிந்தவரை பாலிசியை வைத்துக்கொண்டு அட்டையையும் வாங்குவதே நல்லது. பெரிய ஆபரேஷனுக்குத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அட்டை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் ஆஸ்பத்திரி திட்டத்தில் இல்லாவிட்டால் பாலிசி. பிரீமியம் கட்டவே முடியவில்லை என்ற நிலையில் மட்டும், அட்டை கைக்கு வந்து, அருகில் உள்ள இரண்டு ஆஸ்பத்திரிகள் அதை ஏற்கின்றன என்று போனில் உறுதி செய்துகொண்ட பிறகு, பாலிசியின் தொகையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். அதுவும் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும்.